இன்ஜினை அணைக்காமல்

நீ இதைப் படிக்கும்போது உனக்கு மீசை வந்திருக்கும். மீசை வந்தால் அடுத்து வண்டிப் பேச்சு வரும். எந்த வண்டி நல்ல வண்டி என்று சிநேகிதர்களோடு கத்திச் சண்டை போட்டுவிட்டு, கடைசியில் என்னிடம் வந்து நிற்பாய். அன்றைக்கு எனக்கு எல்லாம் ஞாபகம் இருக்குமோ இருக்காதோ என்றுதான் இப்போதே எழுதி வைக்கிறேன். இதை ஒளித்து வைக்கப் போவதில்லை. உனக்கு முன்னால் வேறு யார் எடுத்துப் படித்தாலும் படிக்கட்டும். இப்போது உனக்கு மூன்று வயது. பாயில் குப்புறப் படுத்து, ஒரு தேய்ந்த ஸ்பார்க் பிளக்கைக் கைக்குள் மூடிப் பிடித்தபடி தூங்குகிறாய். மற்றப் பிள்ளைகளுக்குக் கிலுகிலுப்பை, உனக்கு அது. உன் நெற்றியில் கைவைத்துப் பார்த்துவிட்டுத்தான் உட்கார்ந்தேன். சூடில்லை. இந்தப் பத்தி முடிந்ததும் மறுபடி பார்ப்பேன். இன்று காலை நம் ராஜ்தூத் மோட்டார் சைக்கிளை விலைக்கு வாங்க ஓர் ஆள் வந்திருந்தார். அவருக்கு நான் என்ன பதில் சொன்னேன், ஏன் சொன்னேன் என்பதுதான் உனக்குச் சொல்ல வேண்டியது. ஆனால் அதை நேரே சொன்னால் உனக்குப் புரியாது, கொஞ்சம் பின்னாலிருந்து வருகிறேன்.

நான் பொன்னேரியில் வளர்ந்தவள். அப்பாவுக்கு ரயில்வேயில் வேலை. வேலைக்காகப் பழவேற்காட்டுக் குப்பத்தை விட்டுப் போனவர், மகளைக் கொடுத்து ஊருக்குத் திரும்ப நினைத்தார் போலிருக்கிறது. மெட்ராஸில் பி.எஸ்ஸி. பிசிக்ஸ் முடித்த கையோடு என்னை இங்கே கட்டிக்கொடுத்தார். உன் நைனா ஐ.டி.ஐ. படித்தவர். ஏரியில் பிடித்த இறாலைக் கூடையில் ஐஸ் போட்டுக் கட்டி, ராஜ்தூத்தின் பின்னால் வைத்துப் பொன்னேரிக்குக் கொண்டுபோய்ப் போடுவது அவர் தொழில். சட்டைப் பையில் பேனா இருக்காது, மாற்று ஸ்பார்க் பிளக் இருக்கும். நல்ல மனிதர், பேச்சு குறைவு. இந்தத் தெருவில் எனக்குப் பேச ஆளில்லை என்று சொன்னால் தெருவுக்குக் கோபம் வரும், ஏனென்றால் பகல் முழுக்க என்னோடு பேசிக்கொண்டுதான் இருக்கிறார்கள். எதிர் வீட்டுக் கன்னியம்மா கருவாடு காயப் போட்டுக்கொண்டே பேசுவாள். எனக்கு அவள் வைத்த பெயர் காலேஜு. "இன்னா காலேஜு, இன்னிக்கு இன்னா கொழம்பு?" என்பாள். குழம்பைச் சொன்னதும் பேச்சு முடிந்துவிடும். நான் படித்த எதைப் பற்றியும் யாரும் என்னை எதுவும் கேட்டதில்லை. மூன்று வருடம் படித்தது ஒரு டிரங்குப் பெட்டிக்குள் இருந்தது, அதன்மேல் உன் துணிகள் இருந்தன.

சாயங்காலம் ஆனால் காதர் பாய் வருவார். பழவேற்காடு டவுனில் கயிறு, வலை, மிதவை விற்கும் கடை வைத்திருக்கிறார். அவருடையது புல்லட். நம் வாசலில் ராஜ்தூத்துக்குப் பக்கத்தில் அதை நிறுத்தியதும் சண்டை ஆரம்பமாகும். எல்லாம் டூ-ஸ்ட்ரோக், ஃபோர்-ஸ்ட்ரோக் சண்டைதான். "இது வண்டியா மச்சான்? தகரத்துல பட்டாணி வறுத்தா மாதிரி ஒரு சத்தம். பின்னாடி வர்றவன் பொகையிலயே பாதி போய்டுவான். பெட்ரோலோட எண்ணெயையும் ஊத்திக் குடிக்கிற வண்டிய ஒலகத்துல எவனாவது மதிப்பானா?" என்பார் பாய். உன் நைனா பிளக்கைத் துடைத்துக்கொண்டே, "உன் புல்லட்டு கெளம்பறதுக்குள்ள என் எறா நாறிடும் பாய். நீ மொதல்ல மீட்டரு முள்ளப் பாக்கணும், அப்பறம் அந்தப் பிடிய அமுக்கணும், அப்பறம் அல்லாவ வேண்டிக்கணும், அப்பறம் ஒதைக்கணும். என்துல வால்வு கெடையாது, ஒரு எழவும் கெடையாது. கெட்டுப்போற சாமானே இல்லன்னா கெட்டுப்போறது எப்டி?" என்பார். மற்ற நேரங்களில் நாலு வார்த்தை பேசாத மனிதர் அந்த நேரத்தில் மட்டும் நாற்பது பேசுவார். நான் உள்ளே அரிசி களைந்தபடி கேட்டுக்கொண்டிருப்பேன்.

ஒருநாள் உன் நைனா ஒரு படி மேலே போய்விட்டார். "உன்து நாலு அசைவுக்கு ஒரு தபா எரியுது. என்து ரெண்டுக்கு ஒரு தபா. அப்ப பலம் ரெண்டு பங்கு இல்லியா?" எனக்குத் தாங்கவில்லை. கதவுக்குப் பின்னாலிருந்தே சொன்னேன், "ரெண்டு பங்கு வராதுங்க. பழைய புகை வெளியே போற நேரத்துலயே புதுப் பெட்ரோலும் உள்ளே வருது. அதுல ஒரு பங்கு எரியாமலே புகையோட போயிடுது." வெளியிலிருந்து பாய் கேட்டார், "மச்சான், இப்ப பேசனது யாரு?" உன் நைனாவுக்குச் சிரிப்பதா முறைப்பதா என்று தெரியவில்லை. "பிசிக்ஸு படிச்சிக்கிது பாய்," என்றார். அன்றிலிருந்து நான் நீதிபதி. நான் வாசற்படிக்கு உள்ளே, அவர்கள் வெளியே. "தீர்ப்பு சொல்லும்மா, எது நல்ல வண்டி?" என்று பாய் தினமும் கேட்பார். நான் சொல்லவே மாட்டேன். சொன்னால் சண்டை முடிந்துவிடும் என்ற பயம் எனக்கு. காலேஜில் பெற்ற மார்க்கெல்லாம் கொடுக்காத சந்தோஷத்தை அந்தச் சாயங்காலங்கள் கொடுத்தன என்று எழுதும்போது எனக்கே கூச்சமாக இருக்கிறது. ஆனால் அது உண்மை.

உனக்கு இரண்டு வயது நடக்கும்போது, விசாகப்பட்டினத்தில் இறால் பிடிக்கும் பெரிய விசைப்படகில் இன்ஜின் டிரைவர் வேலை கிடைத்து உன் நைனா போய்விட்டார். சில மாதத்துக்கு ஒருமுறை வருவார். வண்டி நம் வாசலிலேயே நின்றது. அவர் போன மறுநாள் சாயங்காலமும் பாய் வந்தார். ஆனால் புல்லட்டை நிறுத்தவில்லை. கால் ஊன்றி, இன்ஜினை ஓடவிட்டபடியே, "இன்னாம்மா, சவுக்கியமா? புள்ள நல்லா கீதா? எதுனா வேணும்னா சொல்லி அனுப்பு," என்றார். நான் நல்லாயிருக்கேன் என்றதும் போய்விட்டார். பிறகுதான் கவனித்தேன். ஆண்பிள்ளை இல்லாத வீட்டு வாசலில் பேச வேண்டிவந்தால் இங்கே எல்லோரும் அப்படித்தான். பால்காரர், தபால்காரரின் மொபெட், ஐஸ் கொண்டுவரும் ஆள், யாரும் இன்ஜினை அணைப்பதில்லை. அது ஓடிக்கொண்டிருக்கிறவரை தெருவுக்கே கேட்கும்: இந்த ஆள் நிற்கவில்லை, போய்க்கொண்டிருக்கிறார், வழியில் ஒரு வார்த்தை அவ்வளவுதான். அணைத்துவிட்டால் அது வேறு. யாரும் இதைச் சட்டமாகச் சொன்னதில்லை. மரியாதையாகத்தான் செய்தார்கள்; அந்த மரியாதைதான் என்னைக் கொன்றது. ஒரு வருடமாக என்னிடம் வெளி ஆண் யாரும் இன்ஜின் சத்தத்துக்கு மேலே கத்தாமல் பேசவில்லை.

சாயங்காலங்களில் நான் வண்டியைத் துடைப்பேன். உப்புக் காற்று இரும்பைத் தின்றுவிடும், எண்ணெய்த் துணியால் தினமும் துடைக்கச் சொல்லிவிட்டுப் போயிருந்தார். உன்னை டாங்கின்மேல் உட்கார வைத்துவிட்டு, ஒவ்வொரு கம்பியாகத் துடைப்பேன். பெட்ரோல் மூடியைத் திறந்தால் எண்ணெய் கலந்த அந்த வாசனை வரும். உன் நைனாவின் சட்டை வாசனை அது. அக்கரையில் லைட்ஹவுஸ் வெளிச்சம் சுற்ற ஆரம்பித்தால் உள்ளே வந்துவிடுவோம். உன்னிடம் பிஸ்டன் எப்படி ஏறி இறங்குகிறது என்று சொல்லுவேன். நீ பிளக்கை வாயில் வைப்பாய். நான் பிடுங்குவேன், நீ அழுவாய். ஒருவர் கேட்க ஒருவர் சொல்வது அப்படியாவது நடந்துகொண்டிருந்தது.

மாசி மாதம் ஒரு மத்தியானம் உனக்கு உடம்பு காய்ச்சலில் கொதித்தது. ஈரத்துணி போட்டுக்கொண்டிருக்கும்போதே உன் கண் மேலே செருகிவிட்டது. கையும் காலும் வெட்டி வெட்டி இழுத்தன. அப்போது நான் என்னென்ன நினைத்தேன் என்று உனக்கு எழுதமாட்டேன். பொன்னேரி பஸ் போய்விட்டிருந்தது, அடுத்தது வர வெகுநேரம். ஆண்கள் கடலில். பாய் சரக்கு எடுக்க மெட்ராஸ் போயிருந்தார். உன்னைத் துண்டால் மார்போடு கட்டிக்கொண்டு வாசலுக்கு ஓடிவந்தேன். ராஜ்தூத் நின்றது. கிளட்ச் என்ன செய்கிறது, கியர் என்ன செய்கிறது என்று படம் வரைந்து பாகம் குறிக்கத் தெரிந்தவள் நான், ஒருநாள்கூட ஓட்டியதில்லை. உதைத்தேன். உன் தலை எங்கே இடித்துவிடுமோ என்று பயந்து பயந்து அரைகுறையாக உதைத்தேன். மூன்றாவதோ நான்காவதோ உதையில் கிளம்பிவிட்டது. கியர் போட்டு, கிளட்சை விட்டேன். வண்டி பின்னால் போயிற்று.

முன்னால் போகவேண்டிய வண்டி நேராகப் பின்னால் போய், கன்னியம்மா வீட்டு வாசலில் குவித்திருந்த வலைமேல் ஏறி, என்னையும் உன்னையும் அதில் மல்லாக்கச் சாய்த்துவிட்டு அணைந்தது. வலை மெத்தையாக இருந்ததால் இருவருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. கன்னியம்மா ஓடிவந்து உன்னைப் பிடுங்கிக்கொண்டாள். "வண்டிக்குப் பேய்தாம்மே புடிச்சிக்கீது," என்று கத்திக்கொண்டே ரோட்டுக்கு நடுவில் போய் நின்றாள். வந்த மீன் லாரி அவளுக்கு ஒரு முழம் முன்னால் நின்றது. "இட்சிட்டுப் போறதுன்னா போடா, இல்லன்னா ஏத்திக்கினு போ," என்றாள் டிரைவரிடம். லாரி பாதிவழி போகும்போதே உனக்கு இழுப்பு நின்று, அழ ஆரம்பித்துவிட்டாய். நீ அழுத சத்தத்தை அவ்வளவு ஆசையாக நான் எப்போதும் கேட்டதில்லை. பொன்னேரி டாக்டர், இது ஜுரத்தால் வரும் வலிப்பு, பயப்பட வேண்டாம் என்றார். அடுத்து அவர் சொன்னதுதான் எனக்குள் தங்கிவிட்டது: "அஞ்சு வயசு வரைக்கும் ஜுரம் ஏறும்போது மறுபடி வரலாம். வந்தா லேட் பண்ணாமத் தூக்கிட்டு வந்துடுங்க."

வந்தால் தூக்கிக்கொண்டு வந்துவிட வேண்டும். எதில்? அந்தக் கேள்வியோடுதான் அன்றிலிருந்து இருக்கிறேன். உன் நெற்றியைத் தொடும் ஒவ்வொரு முறையும் நான் தொடுவது அந்தக் கேள்வியைத்தான்.

ஊர் சிரித்தது. பேய் வண்டி என்று பெயராகிவிட்டது. பாய் மெட்ராஸிலிருந்து வந்ததும் வாசலுக்கு வந்தார், வழக்கம்போல இன்ஜினை ஓடவிட்டபடி. "புள்ளைக்குத் தேவலியா? வண்டிய பின்னாடி ஓட்டனியாமே, இன்னாம்மா இது பேஜாரு? கியர எதுனா மாத்திப் போட்டுட்டியா?"

"கியர் சரியாத்தாண்ணா போட்டேன். இன்ஜினே தலைகீழா சுத்துச்சு."

"இன்ஜினு எங்கனா தலைகீழா சுத்துமா?"

"உங்க புல்லட்டு சுத்தாது. அதுக்கு வால்வு இருக்கு. எப்பத் தொறக்கணும், எப்ப மூடணும்னு கணக்கு இருக்கு. தலைகீழா சுத்துனா கணக்கெல்லாம் தப்பி நின்னுடும். இதுல வால்வே கெடையாதே. சிலிண்டர் சுவத்துல ஓட்டைங்கதான். பிஸ்டன் ஏறி எறங்குனாப் போதும், எந்தப் பக்கம் சுத்துதுன்னு அதுக்குத் தெரியாது."

"அப்ப தெனம் முன்னாடி போச்சே, அது எப்டி?"

"ஒதைக்கிற ஒதையிலதான். பிஸ்டன் முழுசா மேல ஏறதுக்குக் கொஞ்சம் முன்னாடியே ஸ்பார்க் அடிக்கும். நல்லா ஒதைச்சா பிஸ்டன் உச்சியைத் தாண்டிப் போயிடும். பயந்து ஒதைச்சா அந்த வெடிப்பு பாதியிலேயே அதைத் திருப்பித் தள்ளிடும்."

பாய் காதில் கைவைத்துச் சாய்ந்தார். புல்லட் சத்தத்தில் கடைசி வார்த்தைகள் கேட்கவில்லை. "இரு, இரு, இன்னா சொன்ன, திருப்பிச் சொல்லு," என்று கேட்டுக்கொண்டே, தன்னை மறந்து இன்ஜினை அணைத்துவிட்டார்.

தெரு அப்படி அமைதியாகி நான் பார்த்ததில்லை. ஏரித் தண்ணீர் படகுகளில் தட்டுவது கேட்டது. கன்னியம்மாவின் கை கருவாட்டின்மேல் அப்படியே நின்றது. நான் திருப்பிச் சொன்னேன், மெதுவான குரலில், மனிதர்கள் பேசும் குரலில். கேட்டு முடித்து, "அட, ஷோக்கா கீதே கணக்கு," என்று தலையை ஆட்டியவருக்கு அப்போதுதான் எங்கே நிற்கிறோம் என்று உறைத்தது. அவசரமாக உதைத்தார். கிளம்பவில்லை. முள்ளைப் பார்த்தார், பிடியை அமுக்கினார், உதைத்தார். கிளம்பவில்லை. தெருவே பார்க்கிறது, அவர் வேர்த்துக்கொட்டி உதைக்கிறார். நான் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உள்ளே ஓடினேன். சிரித்து முடித்தபோது அழுதுகொண்டிருந்தேன். அதற்குப்பின் பல நாள் பாய் நம் தெருப்பக்கமே வரவில்லை.

அந்தச் சமயத்தில்தான் உன் நைனாவின் கடிதம் வந்தது. நடந்ததைக் கேள்விப்பட்டு எழுதியிருந்தார். 'வண்டியை வித்துடு. ஒனக்கு எதுக்கு அந்த வம்பு. நான் ஆள் அனுப்புறேன். புள்ளையும் நீயும் நல்லா இருந்தா போதும்.' அதில் தப்பே இல்லை. எனக்கு வந்த பயம்தான் அவருக்கும் வந்திருக்கிறது, கூடவே நான் விழுந்துவிடுவேனே என்ற பயமும். ஆனால் அவர் பயத்துக்கு மருந்து வண்டியை விற்பது, என் பயத்துக்கு மருந்து அதை ஓட்டுவது. இதை எப்படி ஒரு இன்லண்ட் கடிதத்தில் எழுதுவது என்று யோசித்து யோசித்து, எழுதாமலே விட்டேன்.

கன்னியம்மாவிடம் சொன்னேன். "ஓட்டக் கத்துக்கணும் கன்னியம்மா. பாயைத் தவிர சொல்லித்தர ஆளில்லை." அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "முன்னாடி ஓட்டவா, பின்னாடி ஓட்டவா?" என்றாள். பிறகு அவளே டவுனுக்குப் போய்ப் பாயைப் பிடித்தாள். "நான் புள்ளய வெச்சிக்கினு கூடவே குந்திக்கினு இருக்கேன் பாய். எவன் இன்னா பேசறான்னு பாக்கறேன்." வெயில் காலத்தில் ஏரி உள்வாங்கி, ஓரமெல்லாம் சிமெண்டுத் தரை மாதிரி காய்ந்து கிடக்குமே, அங்கேதான் கற்றுக்கொண்டேன். புடவையை வரிந்து கட்டிக்கொண்டு நான் ராஜ்தூத்தில், இரண்டு ஆள் தூரம் தள்ளி என்னோடு கூடவே பாய் புல்லட்டில். அவர் என் வண்டியைத் தொட்டதில்லை, தன் இன்ஜினை அணைத்ததும் இல்லை. இரண்டு இன்ஜின் சத்தத்துக்கு மேலே கத்துவார். "பயந்து ஒதைக்காதம்மா, பேய்க்குப் பொறந்தது பின்னாடி போவும்!" பிறகு, "ஆக்சிலேட்டர வுட்டா தானா நிக்கும்னு நெனைக்காத. புல்லட்டுனா இன்ஜினே புடிச்சி நிறுத்தும். உன்து வழுக்கிக்கினே போவும், பிரேக்கப் புடி!" நான் திருப்பிக் கத்துவேன், "ஆனா உங்க புல்லட்டு கனம் என்னால தாங்க முடியாதேண்ணா. இது விழுந்தா நானே தூக்கிடுவேன்." அந்தக் காய்ந்த ஏரியில் பழைய சண்டை மறுபடி உயிரோடு வந்தது. நீ கன்னியம்மா மடியிலிருந்து கைதட்டினாய். நிறைய விழுந்தேன். நானேதான் தூக்கினேன்.

இன்று காலை ஆரம்பாக்கத்திலிருந்து அந்த ஆள் வந்தார், உன் நைனா அனுப்பியவர். வெள்ளை வேட்டி, நல்லவராகத் தெரிந்தார். வந்த சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு வாசலில் நின்றார். சைக்கிளுக்கு ஓடவிட இன்ஜின் இல்லை. தெரு பார்க்க ஆரம்பித்தது. கன்னியம்மாவின் கை நின்றது. முன்பின் தெரியாத ஆளிடம் நான் நின்று, நிதானமாக, ஒரு பெரிய விஷயம் பேசியாக வேண்டும். ஒரு கணம் யோசித்தேன். பிறகு உள்ளே போய்ச் சாவியை எடுத்துவந்து, ராஜ்தூத்தை வாசலுக்கு நேரே திருப்பி நிறுத்தி, ஏறி உட்கார்ந்து உதைத்தேன். ஒரே உதை. தகரத்தில் பட்டாணி வறுத்த மாதிரி சத்தம் தெருவெல்லாம் பரவியது. அதை ஓடவிட்டபடி சொன்னேன், "மன்னிச்சுக்கோங்க. உங்களை அலையவிட்டுட்டோம். வண்டி விக்கிறதுக்கில்லை."

"உங்க வீட்டுக்காரரு சொன்னாரேம்மா."

"அவருக்கு நான் எழுதிடறேன்."

"யாரு ஓட்டறது?"

வண்டி திணற ஆரம்பித்தது. இந்த ஜாதி வண்டி புல்லட் மாதிரி ஒரே இடத்தில் பொறுமையாக ஓடிக்கொண்டு நிற்காது. நிறுத்திவைத்தால் எண்ணெய் ஏறிப் பிளக் அடைத்துக்கொள்ளும். ஆக்சிலேட்டரை ஒரு முறுக்கு முறுக்கினேன். நீலப் புகை அவர் வேட்டிமேல் போயிற்று. "நான்தான்," என்றேன். அவர் சைக்கிளை எடுத்துக்கொண்டார். எதிர் வீட்டிலிருந்து குரல் வந்தது, "காலேஜு, போதும் அணைமே. கருவாடெல்லாம் பொகையடிக்கிது."

நீ கேட்கப்போகும் கேள்விக்கு, பாயும் உன் நைனாவும் கேட்டு நான் சொல்லாமல் வைத்திருந்த தீர்ப்பை இப்போது சொல்லிவிடுகிறேன். பெட்ரோல் மிச்சம் வேண்டும், பாரம் ஏற்ற வேண்டும், இறக்கத்தில் பயமில்லாமல் வரவேண்டும் என்றால் பாய் சொன்னதுதான் சரி. டூ-ஸ்ட்ரோக் புகை விடும், எண்ணெய் குடிக்கும், அரைமனதாக உதைத்தால் பின்னால் போகும். அதற்கு நின்று காத்திருக்கவும் தெரியாது. அந்த ஒன்றுக்காகவே எனக்கு அதைப் பிடித்துப்போய்விட்டது. நீ எதை வேண்டுமானாலும் வாங்கிக்கொள். ஆனால் யார் வீட்டு வாசலிலாவது தனியாக இருக்கும் ஒருத்தியிடம் பேச நிற்கும்போது, இன்ஜினை அணைத்துவிட்டுப் பேசக்கூடிய காலமாக அது இருக்கட்டும். இல்லாவிட்டாலும் நீ அணைத்துவிட்டுப் பேசு.

உன் நைனாவுக்கு இனிமேல்தான் எழுத வேண்டும். அது இதைவிடச் சின்னக் கடிதமாகத்தான் இருக்கும். மறுபடி உன் நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். சூடில்லை. டாங்கில் பெட்ரோல் இருக்கிறது, எண்ணெய் அளந்து கலந்துதான் வைத்திருக்கிறேன். சாவி தலைமாட்டில் இருக்கிறது.